நீலத் தாள்

“அப்போ நீ மட்டும் போ. நான் இங்கயே கெடக்கிறேன்.”

“இங்க இன்னா கீது உனக்கு? பக்கத்து வூட்டு ரத்தினக்காவ வுட்டா வேற யாரு கீறாங்க?”

“அக்காவ ஏன்யா இழுக்குற? பெங்களூர்ல எனக்கு யாரத் தெரியும்? நீ பாட்டுக்கு ஷிஃப்ட்டு, ஓவர்டைம்னு போய்டுவ. நான் செவுத்தப் பாத்துகினு குந்திகினு இருக்கணுமா?”

“ரத்தினக்கா அதத்தான் செய்யுது. இன்னா கொறஞ்சி பூட்ச்சி?”

இந்த இடத்திலிருந்துதான் நான் கேட்டேன், ஐயா. சண்டை என்றால் முதல் வார்த்தையிலிருந்து கேட்கவேண்டும், அப்போதுதான் யார் பக்கம் நியாயம் என்று தெரியும். அன்றைக்கு நான் குளித்துக்கொண்டிருந்தேன்; தண்ணீர்ச் சத்தத்தில் ஆரம்பம் போய்விட்டது. சண்டை போட்டது பக்கத்து வீட்டுத் தாவீதும் அவன் பெண்டாட்டியும். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் அரைக்கல் சுவர். ஒட்டுக்கேட்டாள் என்று எழுதாதீர்கள். காதைப் பொத்திக்கொள்ளவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி எங்கள் ஊர் வடக்குப்பட்டில் விசாரித்திருப்பீர்கள். புருஷன் பலராமன் குடியாத்தத்தில் பீடி சுற்றுகிற ஒருத்தியோடு போய்விட்டான் என்றும், இவள் வாய் தாங்காமல்தான் போனான் என்றும் சொல்லியிருப்பார்கள். முதல் பாதியைப் பரப்பியது நான்தான். அடுத்தவர் வாயில் விழுவதற்கு முன் நாமே சொல்லிவிட்டால் கொஞ்சம் அழகாகச் சொல்லலாம். இரண்டாவது பாதி அவர்கள் கைங்கரியம்.

நடந்தது தொண்ணூற்றொன்றில். அந்தக் குண்டு வெடித்த மே மாதத்துக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் போலீஸ் என்றாலே எல்லோருக்கும் குலை நடுக்கம். வாடகைக்கு வீடு கேட்டு வந்தவனைக்கூட நீங்கள் இரண்டு தரம் கூப்பிட்டு விசாரித்த காலம். இரண்டு வருஷம் கழித்து நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். நாற்காலி போட்டீர்கள், டீ வாங்கிக் கொடுத்தீர்கள். நான் பேசி முடிக்கும்வரை ஒருவர் எதிரில் எழுந்திருக்காமல் உட்கார்ந்து ரொம்ப நாளாகிறது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

ஒரகடம் போகிற ரோட்டில் எங்கள் தகரக் கொட்டகை. அங்கே நானும் தாவீதும் இன்னும் சிலரும் கிளைடர் செய்தோம். இன்ஜின் இல்லாத விமானம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரலாம். வடம் கட்டி இழுத்து மேலே ஏற்றிவிட்டால் காற்றிலேயே சுற்றிவிட்டு இறங்கும். வேலைக்குச் சேரும்போது விமானம் என்றால் தகடும் ஆணியுமாக இருக்கும் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தால் துணி. ஜவுளிக்கடை மாதிரி உருளை உருளையாகத் துணி. வெள்ளை என்றால் கண்ணாடி இழை. மஞ்சளுக்குக் கெவ்லார் என்று பேர், எந்தக் கத்தரிக்கோலுக்கும் அடங்காது. கறுப்பு கார்பன் இழை. பிசினில் ஊறியே வரும், குளிர்ப்பெட்டியில் வைக்காவிட்டால் தானாகவே இறுகிவிடும். இவற்றை அச்சின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, பாலிதீன் போர்த்தி, உள்ளே இருக்கிற காற்றை உறிஞ்சிவிட்டு, சூளை போன்ற ஒரு பெட்டியில் வேகவைத்தால் எல்லாம் ஒரே உடம்பாகிவிடும். தகட்டைவிட லேசு, தகட்டைவிட உரம்.

ஒரு வித்தியாசம் உண்டு. வெள்ளைத் துணியில் செய்தது தாங்கமுடியாமல் போகும்போது அந்த இடம் வெளுத்துக் காட்டும், பார்த்து உஷாராகிவிடலாம். கறுப்பு அப்படியில்லை. உடையும் வரைக்கும் முகத்தில் ஒன்றும் தெரியாது. எனக்குக் கறுப்பைத்தான் பிடிக்கும்.

துணி வெட்டுவது என் வேலை. வெள்ளை வெட்டுகிற நாளில் கண்ணாடித் தூள் தோலுக்குள் ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாது, அரிப்பு உயிரை எடுக்கும். சாயங்காலம் ஜாஸ்மின் வருவாள். தாவீதின் பெண்டாட்டி. கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட முடியவில்லை. “காட்டுக்கா” என்பாள். நான் கையை நீட்டுவேன். ஒட்டுகிற டேப்பை என் தோலில் அழுத்திச் சரக்கென்று இழுப்பாள். தூளெல்லாம் அதோடு வந்துவிடும். முழங்கை, மணிக்கட்டு, அப்புறம் பின்கழுத்து. புருஷனுக்குச் செய்துவிட்டு மிச்சமிருக்கிற டேப்தான் எனக்கு. நான் குறையாக நினைத்ததில்லை.

“இன்னிக்கி யார் வூட்டுக் கதக்கா?” என்பாள்.

“மேஸ்திரி வூட்ல மருமவ ரெண்டு நாளா சோறு துன்னல.”

“அது எப்டி உனக்குத் தெரியுது? எங்க வூட்டுக் கதயும் கேக்குமா?”

“உம் புருஷன் கொறட்ட வுடுறது வல்லக்கோட்ட வரைக்கும் கேக்குது. எனுக்குக் கேக்காதா?”

விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரிக்கும்போதும் டேப் இழுப்பதை நிறுத்தமாட்டாள். பலராமன் போனபிறகு என் பின்கழுத்தை இன்னொரு கை தொட்டது அப்போதுதான், ஐயா. இதை எழுதவேண்டாம். எழுதினாலும் பரவாயில்லை.

இப்போது சண்டைக்கு வருகிறேன். தாவீது கைகாரன், அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன். முதல் கிளைடர் நன்றாகப் பறந்தது. இரண்டாவதில் வால் சிறகு முழுக்க அவன் பொறுப்பு. அதுவும் சரியாகப் பறந்துவிட்டால் பெங்களூரில் இதே வேலை செய்கிற பெரிய கம்பெனி அவனை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஜாஸ்மின் வரமாட்டேன் என்று அழுதாள். அதை இந்த இரண்டு காதாலும் கேட்டேன். நான் செய்தது எல்லாமே அவள் வாயால் சொன்னதை நடத்திக் கொடுக்கத்தான்.

மூன்றாம் நாள் வந்து நின்றாள்.

“யக்கா, அட்டப்பொட்டி ஏதாச்சும் கீதா? பாத்திரம் கட்டணும். அங்க குளுருமாமே, ஸ்வெட்டர் வாங்கித் தரேன்றாரு.”

“நீ போவ மாட்டேன்னு சொன்னல்ல?”

“அய்யே, அது கோவத்துல சொன்னதுக்கா.”

நான் பெட்டி கொடுத்தேன். ஆனால் கோபத்தில் வருவதுதானே மனசில் இருப்பது. அப்புறம் பேசுவதெல்லாம் புருஷன் சொல்லிக்கொடுத்தது. முகம் சந்தோஷமாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு ஒளித்தேன் என்று ஆகக்கூடாது.

கறுப்புத் துணியின் அடியில் நீலமாக ஒரு பாலிதீன் தாள் ஒட்டியிருக்கும். பிசின் காயாமல் இருப்பதற்கு. அதை உரித்துவிட்டுத்தான் துணியைப் படியவைக்கவேண்டும். தாளில் ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டால் அந்த இடத்தில் மேல்துணியும் கீழ்த்துணியும் காலத்துக்கும் ஒட்டாது. அதற்காக எங்கள் சூப்பர்வைசர் நரசிம்மன் சார் ஒரு பழக்கம் வைத்திருந்தார். படியவைப்பவன் தாளை உரித்து உரித்துப் பக்கத்தில் நிற்பவளிடம் நீட்டவேண்டும். அவள் அதைச் சுவரில் இருக்கிற கொக்கியில் குத்தவேண்டும். வேலை முடிந்ததும் எத்தனை துணி போட்டோமோ அத்தனை தாள் கொக்கியில் இருக்கவேண்டும். ஒன்று குறைந்தால் மொத்தத்தையும் பிரித்துத் தேடவேண்டும்.

தாவீது உரிப்பான், நான் வாங்குவேன். அவன் கண் அச்சைவிட்டு எடுக்கமாட்டான். தாளைப் பின்னால் நீட்டுவான், அவ்வளவுதான். யார் கையில் போகிறது, என்னவாகிறது என்று திரும்பிப் பார்த்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை. அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

வால் சிறகுக்குத் துணி வெட்டினபோது ஒரு துணியின் அடித்தாளில் மட்டும் பிளேடால் உள்ளங்கை அகலத்துக்கு மெல்லக் கீறிவிட்டேன். துணியில் கீறல் படவில்லை. என் கை அதற்குப் பழகின கை. அடியில் உரித்துக்கொண்டேதான் துணியைப் படியவிடுவார்கள், அடிப்பக்கத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. தாவீது இழுத்தான். கீறின துண்டு துணியோடு தங்கிவிட்டது. ஓட்டை விழுந்த தாளை என்னிடம் நீட்டினான். நான் அதை முந்தானையில் செருகிக்கொண்டு, முன்பே ஒளித்து வைத்திருந்த முழுத் தாள் ஒன்றை எடுத்துக் கொக்கியில் குத்தினேன். எண்ணிக்கை சரியாக இருந்தது. நரசிம்மன் சார் எண்ணிப் பார்த்துவிட்டு, “பரவால்ல, சொன்ன பேச்சு கேக்குறீங்க” என்றார். ஓட்டைத் தாளை வீட்டில் அடுப்பில் போட்டேன். பாலிதீன் எரிகிற நாற்றத்துக்குத் தாவீது சுவரைத் தட்டி, “இன்னாக்கா, கருவாடா?” என்று கேலி செய்தான்.

என் எண்ணமெல்லாம் இதுதான்: துண்டு கெட்டுப்போனது என்று ஆகும், தாவீது பேர் கெடும், பெங்களூர்க்காரன் வேண்டாம் என்றுவிடுவான். ஒருவனுக்கு ஒரு வேலை கிடைக்காமல் போவது பெரிய பாவமா? உலகத்தில் தினமும் நடக்கிறது.

நீங்கள் கேட்பது நியாயம். அப்படியானால் அது ஏன் கெட்டது என்று ஆகவில்லை?

சூளையிலிருந்து வந்த துண்டைத் தட்டிப் பார்ப்பதும் என் வேலைதான். பெரிய இடங்களில் அதற்கு மெஷின் உண்டு. எங்களிடம் ஒரு ரூபாய்க் காசும் என் காதும். காசின் விளிம்பால் தட்டிக்கொண்டே போனால், ஒட்டின இடம் ‘டிக் டிக்’ என்று கணீரென்று சொல்லும். ஒட்டாத இடம் ‘தொப்’ என்னும். தொப் என்ற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடவேண்டும். நான் வட்டம் போட்டால் துண்டு குப்பைக்கு. போடாவிட்டால் நரசிம்மன் சார் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

தட்டிக்கொண்டே வந்தேன். உடம்போடு சிறகு சேருகிற இடத்தில் தொப் என்றது. சந்தையில் தெரிந்த ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. சாக்பீஸ் இடது கையில் இருந்தது. தாவீது பக்கத்தில் நின்றான்.

“இன்னாக்கா, எப்டி கீது?”

“கோயில் மணி கணக்கா கீது.”

“சர்ச்சு மணின்னு சொல்லுக்கா. என் பீஸு அது,” என்று சிரித்தான்.

வட்டம் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். திட்டு விழும், இன்னொன்று செய்வான், பத்துப் பதினைந்து நாள் தாமதமாகப் பெங்களூர் போவான். பதினைந்து நாள் எனக்கு எதற்கு? இது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்கிறேன். கெட்ட துண்டை நரசிம்மன் சார் அறுத்துப் பார்ப்பார். உள்ளே இருக்கிற நீலத்தில் பிளேடு வெட்டு நேராகத் தெரியும். பிளேடு பிடிப்பது யார் என்று கொட்டகைக்கே தெரியும். ஆகவே வட்டம் போடாமல் காசை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

தணிகாசலம் ஐயாவைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். ஏர்ஃபோர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் கிளைடரை முதலில் ஓட்டிப் பார்ப்பது அவர்தான். அவருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. செய்தவன் பின்சீட்டில் உட்கார்ந்து கூட வரவேண்டும். “அவனே ஏறப் பயந்தான்னா நான் எதுக்குப்பா ஏறணும்?” என்பார். முதல் கிளைடரில் நரசிம்மன் சார் உட்கார்ந்தார். இறங்கும்போது சட்டையெல்லாம் வாந்தி. அதை வடக்குப்பட்டிலிருந்து வல்லக்கோட்டை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். அதனால் அந்த வழக்கம் எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கில்லை. தெரியும். வால் சிறகு தாவீது செய்தது என்றால் பின்சீட்டில் தாவீது என்பதும் தெரியும். தணிகாசலம் ஐயாவைப் பற்றித்தான் நான் யோசிக்கவே இல்லை. அந்த ஒரு தப்பை ஒத்துக்கொள்கிறேன். நல்ல மனுஷர், என்னை ‘ரத்தினம் அம்மா’ என்று மரியாதையாகக் கூப்பிடுவார்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அந்தப் பக்கம் கிளப்புக்காரர்களின் ஓடுபாதை. சனிக்கிழமை காலை. ஜாஸ்மினும் பார்க்கப் போவதாகப் புடவைகூட எடுத்து வைத்துவிட்டாள். எனக்குத் தலைசுற்றுகிறது, கூட இரு என்றேன். தாவீதுக்கு முகம் வாடிவிட்டது. “இன்னொரு நா பாத்துக்கலாம்யா, அக்கா ஒண்டியா கீது,” என்று அவள்தான் அவனைச் சமாதானப்படுத்தி அனுப்பினாள்.

மேலே ஏறி, வடத்தை விட்டு, ஒரு சுற்று நன்றாகவே சுற்றியதாம். அடுத்த திருப்பத்தில் வால் தனியாக வந்தது, மற்றது தனியாக வந்தது. அந்த வருஷம் ஏரியில் அந்தப் பக்கம் தண்ணீர் இல்லை. இரண்டு பேரோடும் காய்ந்து வெடித்த மண்ணில் விழுந்தது. மத்தியானம் நரசிம்மன் சார் ஸ்கூட்டரில் வந்து, வண்டியை ஸ்டாண்டு போடாமல் அப்படியே கீழே விட்டுவிட்டு வாசலில் நின்றார். ஜாஸ்மின் அப்போது எனக்கு மோர் கலக்கிக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு வந்தவர்கள் நீலத் துண்டைக் கண்டுபிடித்தார்கள். ஓரமெல்லாம் நசுங்கி, கிழிந்து, மண் அப்பி இருந்ததாம். பிளேடு வெட்டு என்று சொல்ல ஒன்றுமில்லை. என்னைக் கேட்டார்கள். அன்றைக்கு அவனுக்குப் புத்தி பெங்களூரில் இருந்தது, அவசரமாக உரித்தான், தாள் கிழிந்து கிழிந்து வந்தது என்றேன். எழுதிக்கொண்டார்கள். தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள். செத்தவன் எதிர்த்துப் பேச வரமாட்டான் என்பதால் எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது. ராத்திரி ஜாஸ்மின் என்னைக் கேட்டாள்.

“நீதானேக்கா வாங்கிக் குத்துன. அவரு ஒழுங்காத்தானே செஞ்சாரு?”

“ஒழுங்காத்தான் செஞ்சாம்மா. உம் புருஷன் கை தங்கக் கை.”

இரண்டும் நான் சொன்னதுதான். இடத்துக்கு ஏற்ற மாதிரி பேசத் தெரியவேண்டும்.

அவள் வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்துவிட்டாள். ஏழு மாதம் இருந்தாள். ராத்திரியில் அழுவாள். அழுகை என்றாலும் அது அறைக்குள் இன்னொரு ஆளின் சத்தம் அல்லவா? சுவர் வழியாகக் கேட்பதற்கும், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. நான் எழுந்து முதுகைத் தடவிக்கொடுப்பேன். அந்த ஏழு மாதம் மாதிரி என் வாழ்க்கையில் எப்போதும் இருந்ததில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிறகு நரசிம்மன் சார், வேலையைவிட்டுப் போகிற அன்று, நான் விசாரணையில் சொன்னதை அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். மனுஷருக்கு வாய் அடங்காது. வீட்டுக்கு வந்தேன். பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

“நீ ஏங்க்கா அப்டி சொன்ன?”

“கேட்டாங்க, சொன்னேன்.”

பெட்டியின் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போனான். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது.

அவன் செத்துப்போவான் என்று தெரிந்தே செய்தாயா என்று மூன்றாவது தரம் கேட்கிறீர்கள். இவ்வளவு நேரம் பொறுமையாக இருந்ததற்காகச் சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின நாள், ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு பாயும் தலையணையும் வாங்கினேன். என்னிடம் ஏற்கனவே ஒரு பாய் இருந்தது. கடைக்காரர், “இன்னாம்மா, வூட்டுக்கு ஆள் வராங்களா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் ஐயா, தெரிந்துதான் செய்தேன்.

அப்புறம் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். நரசிம்மன் சார் ஓசூரில் பஸ்ஸுக்கு டேஷ்போர்டு செய்கிறார். தணிகாசலம் ஐயாவின் வீட்டம்மா கோயம்புத்தூரில் மகளோடு இருக்கிறார்கள். எங்கள் கொட்டகையை வேறொருவர் வாங்கித் தண்ணீர்த் தொட்டி செய்கிறார். பக்கத்து வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. ஜாஸ்மின் போன தை மாதம் யாக்கோபு என்கிறவரைக் கட்டிக்கொண்டு பெரம்பூருக்குப் போய்விட்டாள். ரயில்வேயில் வேலை, மூத்த தாரம் தவறினவர். வயசு கொஞ்சம் அதிகம் என்று கேள்வி. எனக்குச் சொல்லியனுப்பவில்லை, இரண்டாம் கல்யாணம் என்பதால் வெட்கப்பட்டிருப்பாள்.

கேஸ் நடந்தால் அவளும் சாட்சிக்கு வரவேண்டியிருக்கும் என்று சொன்னீர்கள். தெரியும். இங்கே வருவதற்கு முன்பே ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வந்தேன். எந்தத் தேதி என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செங்கல்பட்டு கோர்ட்டில் பெஞ்சு போதாது என்கிறார்கள், சீக்கிரமே கூட்டிக்கொண்டு போனீர்கள் என்றால் இடம் பிடித்து வைத்துவிடுவேன். அவளுக்கு அங்கே யாரைத் தெரியும்? என் பக்கத்தில்தான் வந்து உட்காருவாள்.